வயசுப் புள்ளைங்களுக்கு ரத்தசோகை வராம இருக்க ஸ்கூல்ல என்ன சொல்லிக்குடுக்கலாம்
ஹட்டன், பொகவந்தலாவ பக்கம் படிச்சிக்குடுக்குற டீச்சர்மாரே, காலையில என்ன சாப்ட்டீங்கன்னு புள்ளைங்கட்ட கேளுங்க, ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும்னுதான் சொல்லுவாங்க, சாப்பாட்டோட குடிக்கிற அந்த தேத்தண்ணி இரும்புச்சத்த ஒடம்புல சரியா சேர விடாது, இரும்புச்சத்து கொறைஞ்சா ரத்தசோகை வரும். அடியோட நிப்பாட்ட சொல்லாதீங்க, தோட்டத்து லயத்து வீடுகள்ல யாரும் கேக்க மாட்டாங்க, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடிக்க சொல்லுங்க, அது போதும்.

பருப்பு, முருங்கைக்கீரை, வல்லாரை சம்பல் எதுன்னாலும் தேசிக்காய் புளிஞ்சு சாப்பிடணும், இல்லாட்டி ஒரு கொய்யாப்பழம், அப்பதான் சத்து நல்லா ஏறும். நெத்தலி கருவாடு கொஞ்சமா இருந்தாலும் பொம்பளப்புள்ளைக்கும் பங்கு வைக்கணும்னு பேரன்ட்ஸ் மீட்டிங்ல கட்டாயம் சொல்லுங்க, மாசாமாசம் ரத்தம் போற வயசு.

கீழ் இமை உள்பக்கம் வெளுத்திருந்தா, படியேறயில மூச்சு வாங்கினா கிளினிக்குக்கு அனுப்புங்க. 12 வயசுக்கு மேல ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்கு கீழ இருந்தா ரத்தசோகைதான், 15 வயசு ஆன ஆம்பளப்புள்ளைக்கு 13 கிராமுக்கு கீழ இருந்தாலே ரத்தசோகை.