குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு: பக்கத்தில் ஏஏ கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் யாராவது "இனி குடிக்க மாட்டேன், ஏதாவது வழி சொல்லு" என்று கேட்டால் அந்த நேரத்தை நழுவ விடாதீர்கள். 14446 என்ற இலவச எண்ணுக்கு உடனே போன் போடுங்கள், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் அது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று அங்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. சர்ச் ஹாலிலோ பள்ளி அறையிலோ நடந்தாலும் அது மதக் கூட்டம் இல்லை, எந்த மதத்தவரும் போகலாம். நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்று பேச ஆரம்பிப்பார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். முதல் நாள் நீங்கள் வாயே திறக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம். கூட வீட்டில் உள்ளவர்களும் வர நினைத்தால், குடிப்பழக்கம் இல்லாதவர்களும் வரக்கூடிய 'ஓப்பன் மீட்டிங்' எப்போது என்று கேளுங்கள். மனைவி, அம்மா, பிள்ளைகளுக்கென்றே அல்-அனான் என்று தனிக் குழு இருக்கிறது, குடிப்பவர் ஏஏ கூட்டத்துக்கு வராவிட்டாலும் வீட்டில் உள்ளவர்கள் அதற்குப் போகலாம்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லையா, வேறு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் இதை மட்டும் மறக்காதீர்கள்: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் முதலில் டாக்டர்.