பெரோமோன் சென்ட் எத்தனை நாள் தாங்கும்? பத்திரமாக வைப்பது எப்படி?

பெரோமோன் (ஓர் உயிரினம் தன் இனத்துக்கே சமிக்ஞையாக வெளிவிடும் வேதிப்பொருள்) சேர்த்த சென்ட் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, உள்ளே இருக்கிற பெரோமோன் எத்தனை மாதத்தில் வீரியம் இழக்கும் என்பதுதான். கவலை அங்கே வேண்டாம். வழக்கமாகச் சேர்க்கப்படும் ஆண்ட்ரோஸ்டெனோன், ஆண்ட்ரோஸ்டெனால் போன்றவை ஸ்டீராய்டு வகை மூலக்கூறுகள். லேசில் ஆவியாகாதவை, ஓரளவு உறுதியானவை. முதலில் கெடுவது கூடவே இருக்கும் வாசனை எண்ணெய்களும், எல்லாவற்றையும் கரைத்து வைத்திருக்கும் திரவமும்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இவை மனிதர்களிடம் பெரோமோனாக வேலை செய்கின்றன என்பது அறிவியலில் இன்னும் நிறுவப்படவில்லை. எனவே "முன்பு மாதிரி பலன் தெரியவில்லை" என்பதை வைத்துச் சரக்கு கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கண்ணும் மூக்கும்தான் அளவுகோல்.

படி 1: எதில் கரைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

லேபிளில் இல்லையென்றால் புறங்கையில் ஒரு சொட்டு விடுங்கள். சில்லென்று பட்டு ஒரு நிமிடத்துக்குள் காய்ந்தால் ஆல்கஹால். மினுமினுப்பாக அப்படியே நின்றால் எண்ணெய். வழவழப்பாகப் படர்ந்து பிசுக்கில்லாமல் காய்ந்தால் சிலிக்கோன்.

ஆல்கஹால் ஸ்ப்ரே திறக்காமல் 3 ஆண்டு வரை தாங்கும்; திறந்தபின் 1 முதல் 2 ஆண்டு. எண்ணெயில் வித்தியாசம் பெரிது: ஜோஜோபா 2 ஆண்டு தாக்குப்பிடிக்கும், பாதாம் எண்ணெயோ திராட்சை விதை எண்ணெயோ 6 முதல் 12 மாதத்தில் காறல் அடிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் கலந்த ஜெல், கிரீம் என்றால் திறந்தபின் 6 முதல் 12 மாதம். இவை பொதுவான கணக்கு. லேபிளில் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

படி 2: திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள்

லேபிளில் மூடி திறந்த டப்பா படமும் அதற்குள் "12M" என்றும் இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள். அடியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண் காலாவதி தேதி அல்ல.

படி 3: இடம்

15 முதல் 20 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஏற்ற இறக்கமில்லாத வெப்பம். அலமாரிக்குள், அட்டைப்பெட்டியோடு, நிமிர்த்தி வையுங்கள். குளியலறை, ஜன்னலோரம், கார் மூன்றும் கூடாது. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

வீடு மிகவும் சூடாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். எடுத்தவுடன் திறக்காதீர்கள். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே படியும். குளிரில் அடியில் படிகம் தங்கினால் பயப்பட வேண்டாம். மூடிய பாட்டிலைக் கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் 10 நிமிடம் வைத்து மெல்ல உருட்டினால் பெரும்பாலும் கரைந்துவிடும். தீயில் காட்டுவதோ மைக்ரோவேவில் வைப்பதோ ஆபத்து.

படி 4: காற்றைக் குறையுங்கள்

அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடுகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனையில் உள்ள லிமோனீனும், லாவெண்டரில் உள்ள லினலூலும் அந்தக் காற்றோடு வினைபுரிந்து தோல் அலர்ஜியைத் தூண்டக்கூடிய பொருட்களாக மாறுகின்றன. 30 மில்லி பாட்டிலில் 10 மில்லிதான் மிச்சம் என்றால், 10 மில்லி பழுப்புநிறக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்புங்கள். புதுப் பாட்டிலை ஆல்கஹாலால் அலசி நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர் துளி தங்கினாலும் சென்ட் கலங்கிப்போகலாம்.

டிராப்பர் மூடியோடு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ரப்பர் குமிழ் ஆவிபட்டு உப்பி, பிசுபிசுத்து, சென்ட்டிலும் ரப்பர் வாடை ஏறும். சாதாரண இறுக்கமான மூடி போட்டுவைத்து, எடுக்கும்போது மட்டும் டிராப்பரைப் பயன்படுத்துங்கள்.

மூடி தளர்ந்தால் ஆல்கஹால் பறந்துவிடும், பெரோமோன் அப்படியே தங்கிவிடும். அப்புறம் அதே இரண்டு சொட்டில் அளவு கூடி, ஆண்ட்ரோஸ்டெனோனின் வியர்வை வாடை தூக்கலாக வரும். கழுத்தைச் சுற்றி வெள்ளையாக வளையம் படிந்திருப்பது இந்தக் கசிவின் அடையாளமாக இருக்கலாம். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

ரோல்-ஆன் என்றால் உருளையைத் துடைத்துவிட்டு மூடுங்கள். தோலின் எண்ணெயும் அழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே போகின்றன.

படி 5: 3 மாதத்துக்கு ஒருமுறை சோதனை

வெள்ளைக் காகிதத் துண்டில் ஒரு துளி விட்டு, உடனேயும் 10 நிமிடம் கழித்தும் முகருங்கள். புளித்த வாடை, உலோக வாடை, எண்ணெயில் காறல் இவை கெட்டதற்கு அடையாளம். நிறம் மட்டும் பழுப்பானால் அவசரப்பட வேண்டாம். வனிலா வாசனையில் உள்ள வனிலின் காலப்போக்கில் தானாகவே கறுக்கும்.

ஆண்ட்ரோஸ்டெனோனின் வாடை சிலருக்கு மூத்திரம் போலவும் சிலருக்கு இனிப்பாகவும் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. மரபணு வேறுபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கூடவே சேர்த்திருக்கும் வாசனை எண்ணெயின் மணத்தை மட்டும் கவனியுங்கள். காப்புலின் (பெண்ணுறுப்புச் சுரப்பில் காணப்படும் கொழுப்பு அமிலங்களின் கலவை) சேர்த்தவை புதிதாக இருக்கும்போதே வினிகர், பழைய சீஸ் போல நாறும். அது கொழுப்பு அமிலங்களின் இயல்பு. ஜிப் பையில் போட்டுத் தனியாக வைத்தால் மற்றவற்றில் வாடை ஏறாது.

படி 6: சந்தேகம் வந்தால்

பழைய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து முழங்கை மடிப்பில் தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் வீசிவிடுங்கள். காறல் அடித்த எண்ணெயையும் கலங்கிய ஜெல்லையும் சோதித்துப் பார்க்கவே தேவையில்லை. ஆல்கஹால் சரக்கைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடியபடி, எரியக்கூடிய கழிவுகளைத் தனியாக வாங்கும் இடத்தில் கொடுங்கள்.