பிரவுசரை ரீசெட் செய்யும் முன்

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, குரோம் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு, ரீசெட் பண்ணிட்டேன். இப்ப எதுலயும் லாகின் ஆக முடியல." முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நான் செய்த அதே வேலை. ரீசெட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் இவை.

காரணம் பார்க்காமல் இறங்குவது

விண்டோஸ் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாம் சேர்க்கும் குட்டி புரோகிராம்) மெமரியைத் தின்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஹிஸ்டரி சேமிக்காத இன்காக்னிட்டோ விண்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக ஓடாது. அங்கே மட்டும் வேகமாக இருந்தால் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான் வில்லன்.

அழிப்பதை ரீசெட் என்று நினைப்பது

குரோமில் 'ரீசெட் செட்டிங்ஸ்' புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்ட் மூன்றையும் தொடாது. ஸ்டார்ட்அப் பக்கமும் சர்ச் எஞ்சினும் பழையபடி ஆகும், எக்ஸ்டென்ஷன்கள் ஆஃப் ஆகும், லாகினை நினைவில் வைக்கும் குக்கீ போவதால் மறுபடி லாகின் செய்ய வேண்டும். அவ்வளவுதான். 'டெலீட் பிரவுசிங் டேட்டா' வேறு சமாச்சாரம். பல வெர்ஷன்களில் அதற்குள் பாஸ்வேர்டுக்கும் ஒரு டிக் கட்டம் உண்டு. தம்பி ரீசெட் என்று நினைத்து அழுத்தியது இதைத்தான்.

2018-இல் மாமா கடை கம்ப்யூட்டரில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, 'ஆல் டைம்' கொடுத்து, பெருமையாக அழுத்தினேன். கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே டேட்டாவை வைக்கும் சிங்க் ஆனில் இருந்ததைக் கவனிக்கவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் மாமா போனை நீட்டினார். "டேய், இதுலயும் எதுவும் காணோம்டா!" கரண்ட் பில், கேஸ், ஜிஎஸ்டி, எல்லா பாஸ்வேர்டும் போயிருந்தன. ஜிஎஸ்டி பாஸ்வேர்டை மாற்றப் போனால் ஓடிபி எப்போதோ நின்றுபோன ஒரு பழைய நம்பருக்குப் போனது. ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்றுவரை மாமா என்னைக் கல்லாப் பக்கம் விட்டாலும் விடுவார், அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் விடமாட்டார்.

சிங்கைப் பேக்கப் என்று நம்பிவிடுகிறோம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் முதலில் பாஸ்வேர்ட் மேனேஜருக்குள் போய் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வரும் சிஎஸ்வி ஃபைலில் பாஸ்வேர்ட் எல்லாம் பச்சையாகத் தெரியும், யார் திறந்தாலும் படிக்கலாம். வேலை முடிந்ததும் அதை அழிக்க மறக்காதீர்கள். (நான் ஒருமுறை டவுன்லோட்ஸிலேயே விட்டுவைத்தேன். அது தனிக் கதை.)

அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுவது

செட்டிங்ஸ், புக்மார்க் எல்லாம் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டர் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். வியாதியும்.

ஃபயர்ஃபாக்ஸ் டெஸ்க்டாப்பில் வைக்கும் ஃபோல்டரைத் தூக்கிப்போடுவது

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் ரீசெட்டுக்குப் பெயர் 'ரெஃப்ரெஷ்'. அது முடிந்ததும் டெஸ்க்டாப்பில் வரும் 'ஓல்டு ஃபயர்ஃபாக்ஸ் டேட்டா' குப்பை இல்லை. ரெஃப்ரெஷுக்கு முந்தைய புரொஃபைல் அதில்தான் இருக்கிறது. ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

எக்ஸ்டென்ஷன்களை ஒரேயடியாக ஆன் செய்வது

ஒரு நாளைக்கு ஒன்று போதும். தம்பியிடம் பதினேழு இருந்தன, அதில் மூன்று கூப்பன் தேடுகிறவை. நான்காம் நாள் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் எக்ஸ்டென்ஷனை ஆன் செய்ததும் லேப்டாப் ஃபேன் கத்த ஆரம்பித்தது. அதை மட்டும் நீக்கினோம். பாஸ்வேர்டுகளை இன்னும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறான்.