மூக்கை நுழைப்பவரை எந்தச் சொல்லால் சொல்வது?

கதைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பாத்திரம் ஒன்று வந்துவிட்டால் போதும், எழுதுகிறவர் கை தானாக 'மூக்கை நுழைத்தாள்' என்றுதான் எழுதும். ஒட்டுக் கேட்டாலும் மூக்கு, புத்திமதி சொன்னாலும் மூக்கு, குடும்பத்தைப் பிரித்தாலும் அதே மூக்கு. இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பஞ்சம்?

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? உங்களுக்கு எவ்வளவு எரிச்சல் என்பதை ஒதுக்கிவிட்டு, அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கேட்கிறாரா, சொல்கிறாரா, இங்கே கேட்டதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறாரா?

கேட்பதிலேயே மூன்று தினுசு. "சம்பளம் எவ்வளவு? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்?" என்று நேராகவே கேட்டுக்கொண்டு போனால் அது துருவுவது. "உங்க வேலைக்கெல்லாம் இப்போ எங்கே ஒழுங்காச் சம்பளம் தர்றாங்க!" என்று அலுத்துக்கொண்டு, நீங்கள் ரோஷப்பட்டுத் தொகையைச் சொல்லும்வரை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது வாயைப் பிடுங்குவது. கேள்வியே கேட்காமல் கதவோரம் நின்று தெரிந்துகொண்டால் ஒட்டுக் கேட்பது.

சொல்கிறவர் விஷயத்தில் வயதைப் பார்க்க வேண்டும். கேட்காததற்கும் பதில் சொல்லும் சின்னவரை அதிகப்பிரசங்கி என்போம். முந்திரிக்கொட்டையும் அவருக்குத்தான், பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கொட்டை அது. பெரியவரை அப்படிச் சொன்னால் வாக்கியம் இடிக்கும். அவர் 'நாட்டாமை பண்ணுகிறார்', அல்லது கூப்பிடாமலே 'பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்'.

கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்குத்தான் சொற்கள் குவிந்து கிடக்கின்றன, குழப்பமும் இங்கேதான் அதிகம். மேலே இருப்பவரிடம் ஒருவரைப் பற்றிக் குறை சொல்வது கோள் சொல்வது. இன்றைய பேச்சில் அதையே போட்டுக்கொடுப்பது என்கிறோம். ஆனால் போட்டுக்கொடுத்த செய்தி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், கோளில் கொஞ்சம் கை சரக்கும் சேரும். வத்தி வைப்பவர் ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், வெடிக்கும்போது அங்கே இருக்கமாட்டார். சிண்டு முடிவதற்கு இரண்டு பேர் வேண்டும். சிண்டு என்றால் குடுமி. இரண்டு குடுமிகளைச் சேர்த்து முடிந்துவிட்டால் யார் அசைந்தாலும் மற்றவருக்கு வலிக்கும். ஆகவே அண்ணன் தம்பிக்குள், மாமியார் மருமகளுக்குள் மூட்டிவிட்டால் சிண்டு முடிந்தார் என்று எழுதுங்கள். முதலாளியிடம் ஒருவரை மாட்டிவிட்டதற்கு இந்தச் சொல் வேண்டாம்.

புராணப் பெயர்களையும் கண்டபடி தூக்கிப் போடக்கூடாது. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பது பேச்சு வழக்கு; அதனால் 'நாரதர் வேலை' என்பதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சகுனிக்குத் திட்டம் உண்டு, காய்களை நகர்த்துவார். கூனி தனியாக ஒருத்தியின் காதில்தான் ஊதினாள், ஆனால் அதுவே ராமனைக் காட்டுக்கு அனுப்பப் போதுமானதாக இருந்தது. சும்மா வம்பளக்கிறவரைச் சகுனி என்று எழுதினால், அவருக்கு இல்லாத மூளையை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள்!

தனி ஆள் இல்லை, ஊரே பேசுகிறது என்றால் சங்க இலக்கியத்திலேயே இரண்டு சொற்கள் உண்டு. காதலரைப் பற்றிச் சிலர் மட்டும் முணுமுணுத்தால் அம்பல், பலரறிய வெளிப்பட்டால் அலர். திருக்குறளின் 115ஆம் அதிகாரத்துக்கே 'அலரறிவுறுத்தல்' என்றுதான் பெயர். நடப்புக் கதையில் இவற்றைப் போட்டால் ஒட்டாது, 'ஊர்வாய்' போதும்.

ஒரு விஷயம் எனக்குப் பல நாளாக உறுத்துகிறது. இதே வேலையை ஆண் செய்தால் நாட்டாமை, பெண் செய்தால் வம்புக்காரி. வருகிற கதைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். இதைத் தவிர்க்க ஒரு வழி: பட்டப்பெயரை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பிடியுங்கள். 'அவள் ஒரு வம்புக்காரி' என்பதைவிட 'பேசிக்கொண்டே மேசைமேல் இருந்த கடிதத்தைப் புரட்டினாள்' என்ற வரியில் ஆள் தெளிவாகத் தெரிகிறாள். தமிழில் இந்தக் குணத்துக்கான நல்ல சொற்கள் பெரும்பாலும் வினைகள்தாம்: நோண்டு, கிளறு, கொளுத்திப் போடு, மூட்டிவிடு.

எழுத்துக்கு இவ்வளவு. நேரில் வந்து நிற்பவரிடம் இவற்றில் எதையும் சொல்ல முடியாது. 'உன் சோலியைப் பாரு' நண்பனுக்குச் சரி, பெரியப்பாவுக்குச் சரிப்படாது. அவரிடம் "அதை நாங்க பாத்துக்கறோம், பெரியப்பா" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். அதற்கும் அசராமல் "இல்ல, நான் எதுக்குச் சொல்றேன்னா…" என்று ஆரம்பித்தால், போன் வந்ததுபோல எழுந்து போய்விடுங்கள்.