கடற்பஞ்சும் ஜெல்லி மீனும்: படிக்கும்போது நேரும் தவறுகள்

கடற்பஞ்சு, ஜெல்லி மீன், பவளம் பற்றிய பாடம் பலர் மனத்தில் வெறும் 'இல்லை'களாகவே பதிந்துவிடுகிறது. மூளை இல்லை, இதயம் இல்லை, இரத்தம் இல்லை. எல்லாம் சரிதான். ஆனால் இவை எதுவும் இல்லாமல் அந்த உயிர் எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி இரையைப் பிடிக்கிறது என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

கடற்பஞ்சு அசையாமல் பாறையில் ஒட்டிக்கிடப்பதால் அது சும்மா இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1820-களில் ராபர்ட் கிராண்ட் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சுத் துண்டு ஒன்றைக் கடல்நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அதன் துளையிலிருந்து துகள்களைத் தள்ளிக்கொண்டு நீர் இடைவிடாமல் பீறிட்டது. அந்த ஓட்டத்தை உண்டாக்குபவை உள்ளறைகளில் இருக்கும் கோயனோசைட்டு செல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கசையிழை. அதன் அடியைச் சுற்றி, மிக நுண்ணிய விரல்கள் நெருக்கமாக நின்றதுபோல ஒரு கழுத்துப்பட்டை. கசையிழை அடிக்க அடிக்க நீர் அந்த இடுக்குகள் வழியே இழுபடுகிறது, பாக்டீரியா சிக்கிக்கொள்கிறது, செல் அதை அப்படியே விழுங்கிவிடுகிறது. செரிமானம் நடப்பது செல்லுக்குள்ளேயே. அதனால் மேலே தெரியும் பெரிய துளையை வாய் என்று எழுதுவது தவறு. நீர் நுழைவது உடலெங்கும் உள்ள சிறு துளைகளான ஆஸ்டியா வழியாக. பெரிய துளையான ஆஸ்குலம் வெளியேறும் வழி மட்டுமே.

கடற்பஞ்சுக்கு 'உண்மையான திசுக்கள் இல்லை' என்பதை 'வெறும் செல் குவியல்' என்று புரிந்துகொள்வதும் அடிக்கடி நடப்பது. 1907-ல் எச். வி. வில்சன் ஒரு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணி வழியே பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை ஊர்ந்து ஒன்றுசேர்ந்து மறுபடியும் கடற்பஞ்சாக உருவெடுத்தன. வெறும் குவியல் இப்படித் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளாது.

அப்புறம் நரம்பு. கடற்பஞ்சுக்கு நரம்பு செல்லே கிடையாது. ஜெல்லி மீனுக்கு மூளைதான் இல்லை. உடல் முழுக்க நரம்பு வலை உண்டு. இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. பெட்டி ஜெல்லி மீன்களுக்கு நான்கு கொத்துகளாக 24 கண்கள். அவற்றில் சிலவற்றில் லென்சும் உண்டு!

கொட்டுவதைப் பற்றிய தவறு ஆபத்தானது. செத்துக் கரையொதுங்கிய ஜெல்லி மீன் ஒன்றும் செய்யாது என்று கையில் எடுக்கிறார்கள். கொட்டும் செல்லுக்குள் நிமட்டோசிஸ்ட் என்ற நுண்ணிய உறை இருக்கிறது. அதற்குள் சுமார் 150 வளிமண்டல அழுத்தம். நடுவே சுருட்டி வைத்த ஒரு குழல். தொட்டதும் மூடி திறந்து குழல் உள்வெளியாகப் புரண்டு பாய்கிறது. ஜெல்லி மீனுக்கு உறவான, நன்னீரில் வாழும் சிறிய ஹைட்ராவில் இந்தப் பாய்ச்சலின் முதல் கட்டம் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகிறது. செல் தானாகவே இதைச் செய்ய முடியும் என்பதால் விலங்கு உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. அறுந்து மிதக்கும் இழைகூடக் கொட்டும். கொட்டிய இடத்தைத் தேய்ப்பதும் நன்னீரால் கழுவுவதும், இன்னும் வெடிக்காத உறைகளைத் தூண்டிவிடக்கூடும்.

ஜெல்லி மீன், பவளம், ஹைட்ரா போன்ற கொட்டும் செல் கொண்ட குழியுடலிகள் எல்லாமே பாலிப் (ஒட்டி நிற்கும் குழல் வடிவம்), மெடூசா (நீந்தும் குடை வடிவம்) என்ற இரண்டு வடிவத்தையும் கடந்தாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஹைட்ரா, பவளம், கடல் சாமந்தி ஆகியவற்றுக்கு மெடூசாவே கிடையாது. பெலாஜியா என்ற ஜெல்லி மீனுக்குப் பாலிப் இல்லை. போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று அழைக்கப்படுவது தனி ஜெல்லி மீனே அல்ல. வேலையைப் பிரித்துக்கொண்டு ஒட்டி வாழும் பல சிற்றுயிர்களின் கூட்டம். எட்டு வரிசைச் சீப்புத் தட்டுகளால் நீந்தும் டீனோஃபோராக்களையும் பார்வைக்கு ஜெல்லி போல இருப்பதால் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவை தனித் தொகுதி. இரையைப் பிடிக்க அவற்றிடம் இருப்பவை பசை செல்கள்.

கடைசியாக ஒன்று. வெளுத்த பவளத்தைப் பார்த்ததும் செத்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். கடல் சூடாகும்போது பவளம் தன் திசுவுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் பாசிகளை இழக்கிறது. நிறம் போய், கண்ணாடி போன்ற திசு வழியே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்புக்கூடு தெரிகிறது. அந்த நேரத்தில் பாலிப்புகள் பட்டினியில் இருக்கின்றன, ஆனால் உயிரோடுதான் இருக்கின்றன. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசிகள் மறுபடியும் பெருகும், பவளமும் மீளும். நீண்டுபோனால்தான் சாவு.