பெரிய மீன் எதிரே வந்தால்: புதிதாக ஸ்கூபா பழகுபவர்களுக்கு

மலேசியாவின் தியோமான் தீவுக்கு ஸ்கூபா பயணம் போகப் பெயர் கொடுத்துவிட்டு, "அண்ணே, திமிங்கலச் சுறா வந்துட்டா என்ன பண்றது?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என் பதில் ஒன்றுதான்: சும்மா இருக்கப் பழகுங்கள். தண்ணீருக்கு அடியில் சும்மா இருப்பதற்குத்தான் கீழே உள்ள பயிற்சியெல்லாம்.

படி 1: கரையிலேயே கண்ணுக்கு அளவு பழக்குங்கள்

சிங்கப்பூரில் கெண்ட் ரிட்ஜில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் இருக்கிறது. 2015 ஜூலையில் ஜூரோங் தீவுப் பக்கம் இறந்து கிடந்த பெண் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை அங்கே வைத்திருக்கிறார்கள். நீளம் 10.6 மீட்டர். வளர்ந்த திமிங்கலச் சுறாவும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். தலையிலிருந்து வால் வரை மெதுவாக நடந்து பாருங்கள்.

ஏன் என்றால், தண்ணீருக்குள் மாஸ்க் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு கிட்டத்திலும் தெரியும். 6 மீட்டர் சுறா 8 மீட்டராகத் தோன்றும். முதல் முறை வரும் படபடப்பில் பாதி இந்தக் கண்ணாடியின் வேலை.

படி 2: ஓப்பன் வாட்டர் சான்றிதழ்

ஸ்கூபா பழகுபவர்கள் முதலில் வாங்கும் சான்றிதழ் இது. 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். சான்றிதழ் கிடைத்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். காது வலித்தால் அங்கேயே நின்று, கொஞ்சம் மேலே வந்து, அழுத்தத்தைச் சரிசெய்த பிறகே இறங்குங்கள். மற்றதைப் பயிற்றுநர் சொல்லித் தருவார்.

படி 3: நம்ம ஊர்க் கலங்கல் தண்ணீரில் பழகுங்கள்

புலாவ் ஹந்துவில் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் கண் தெரிந்தாலே நல்ல நாள். அதனால் பலர் சிங்கப்பூர்க் கடலை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மிதப்பைக் கட்டுப்படுத்த இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. துடுப்புக் காலை ஒரு முறை தவறாக அடித்தால் போதும், சேறு கிளம்பி எதிரே இருப்பவர்கூட மறைந்துவிடுவார்.

ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்: 5 மீட்டர் ஆழத்தில் உடலைக் கிடையாக வைத்து, காலை அசைக்காமல், மூச்சாலேயே உயரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். மூச்சை இழுத்தால் சற்று ஏறுவீர்கள், விட்டால் இறங்குவீர்கள். பத்து டைவுக்குள் கைவந்துவிடும்.

நம் கடலில் பெரியது எதுவும் இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஒரு மீட்டருக்கும் மேல் உயரமாகக் கோப்பை வடிவில் வளரும் நெப்டியூன் கோப்பைக் கடற்பஞ்சு இங்கே அழிந்தே போய்விட்டது என்று நூறு ஆண்டுக்கு மேல் நம்பியிருந்தார்கள். 2011-ல் நம் தென் தீவுகளை ஒட்டிய கடலில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதுவும் ஓர் உயிரினம்தான்.

படி 4: கிளம்பும் காலம்

தியோமானுக்கு மார்ச் முதல் அக்டோபர் வரை போகலாம். வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும். அங்கே திமிங்கலச் சுறாவைக் காண்பது அதிர்ஷ்டம், எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

படி 5: அது வந்துவிட்டது

முதலில் அதைப் பார்க்காதீர்கள்! உங்கள் ஆழத்தையும் காற்றையும் பாருங்கள். பிறகு, கூட வந்தவர் எங்கே என்று பாருங்கள். முத்துக்குளித்தவர்கள் மேலே கயிறு பிடிக்க மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். தங்கை தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டானாம். ஸ்கூபாவில் கயிறு இல்லை, கூட வருபவர்தான் அந்த மைத்துனர்.

இந்த வரிசையை நான் பட்டுத்தான் கற்றேன். தாய்லாந்தின் கோ தாவில், என் பதினோராவது டைவில் திமிங்கலச் சுறா வந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளிகள், கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி. அது சரிந்து கீழே போனபோது நானும் பின்னாலேயே போனேன். என் தோழி காலைப் பிடித்து இழுத்தபோதுதான் கருவியைப் பார்த்தேன்: ஆழம் 26 மீட்டர், தொட்டியில் மிச்சமிருந்த காற்று 60 பார். 20 மீட்டரிலேயே அழுத்தம் மேற்பரப்பைவிட மூன்று மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று கரையும். அவள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் துரத்தாதீர்கள், எப்படியும் எட்டிப் பிடிக்க முடியாது. அதன் பாதையை மறிக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் இடைவெளி வேண்டும். தொடக்கூடாது, பிளாஷ் அடிக்கக்கூடாது. அது தின்பது மிதவை உயிரிகளையும் குட்டி மீன்களையும்தான், உங்களை அல்ல. நீங்கள் அசையாமல் இருந்தால் சில சமயம் அதுவே வட்டமடித்துத் திரும்பி வரும்.

யானைத் திருக்கை (மாண்டா ரே) வந்தால் தாழ்வாக, ஓரமாக இருங்கள். சின்ன மீன்கள் அதைச் சுத்தம் செய்யும் பாறைக்கு மேலே போய் நிற்காதீர்கள். உங்கள் குமிழிகள் பட்டால் விலகிப் போய்விடும். அதற்குக் கொட்டும் முள் கிடையாது.

நான் அஞ்சுவது முக்கால் மீட்டருக்கு மேல் வளராத டைட்டன் கிளாத்தி (டிரிக்கர்ஃபிஷ்) மீனுக்குத்தான். முட்டையைக் காக்கும்போது துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூம்பைத் தலைகீழாக வைத்ததுபோல மேலே போகப் போக விரியும். ஆகவே மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

படி 6: மேலே வருதல்

எவ்வளவு பெரிய மீன் நின்றாலும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதை விடாதீர்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறவேண்டாம். பல டைவ் செய்திருந்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது கழியட்டும்.

திமிங்கலச் சுறாவைப் படம் எடுத்திருந்தால், இடப்பக்கச் செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள் தெரியும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கைரேகைபோல ஒவ்வொரு சுறாவுக்கும் அது வேறு. தேதி, இடம், ஆழம் குறித்து ஆய்வாளர்களுக்கு அனுப்பினால், இதே சுறாவை வேறு எந்தக் கடலில் யார் பார்த்தார்கள் என்று பொருத்திப் பார்ப்பார்கள்.