மெம்பரேன் அடைப்பு: கோளாறு சல்லடையில் இருந்தது

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நான் கவனிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே, மெம்பரேன், அதாவது நுண்துளை இழைகளாலான வடிகட்டி, இருக்கும் தொட்டியின் உறிஞ்சு பம்பு திணறியது. அழுத்தமானி வாரத்துக்கு வாரம் கூடுதலாகக் காட்ட, வெளிவரும் நீரோ குறைந்துகொண்டே வந்தது. மெம்பரேனையே மாற்றிவிடலாம் என்றார் ஒப்பந்ததாரர். நிலையத்தில் விலைமிக்க பாகங்களுள் ஒன்று அது என்பதால் நான் உடன்படவில்லை.

மெம்பரேன் இழைகளைத் தாங்கும் சட்டகத்தை மேலே தூக்கிப் பார்த்தபோது, இழைகளின் அடிப்பகுதியில் தலைமுடி சடைபோல முறுக்கிக் கிடந்தது. நுழைவாயில் சல்லடையின் துளை 6 மில்லிமீட்டர். இவ்வகை இழை மெம்பரேனுக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இழை அறுந்துவிடாதபடி முடியைக் கையாலேயே எடுத்தோம். பிறகு, நுண்ணுயிர்கள் படிந்த உயிர்ப்படலம் கரைய சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும், உப்புப் படிவு நீங்க சிட்ரிக் அமிலத்திலும் தனித்தனியே ஊறவைத்தோம். இவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், இடையில் நல்ல நீரால் அலசியே ஆக வேண்டும்.

சல்லடையை மாற்றியபின் அழுத்தம் இறங்கியது. ஆனாலும் காலை நேர உச்ச வரத்தின்போது மட்டும் மீண்டும் ஏறியது. மெம்பரேன் பரப்பை நாளின் சராசரி வரத்துக்கே கணக்கிட்டிருந்தார்கள். கூடுதல் மெம்பரேன் வாங்கினால் அதை அலசும் காற்றுக்கான மின்செலவும் கூடும் என்பதால், வரும் கழிவுநீரைத் தேக்கிவைக்கும் சமன்தொட்டியைப் பெரிதாக்கி, நாள் முழுவதும் ஒரே சீராக நீரை அனுப்பினோம்.